எதிர்க்கடை மாவு

மாலதி மாவுக்கடை திறந்த அன்றைக்குத்தானா தெருவில் பள்ளம் வெட்ட வேண்டும்?

திருப்பாதிரிப்புலியூரில் அந்தத் தெரு ஒரு வருஷமாகவே இடிப்பதும் கட்டுவதுமாகக் கிடக்கிறது. ஓட்டு வீடெல்லாம் போய் அடுக்குமாடி வருகிறது. புதுசாகக் குடிவரும் ஜனத்துக்கு மாவாட்ட ஏது நேரம் என்று கணக்குப் போட்டு, தாலியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்து, கிரைண்டர் வாங்கிப் போட்டாள். கணக்கு சரிதான். பூசணிக்காய் உடைக்கிற நேரம் பார்த்து ஜேசிபி வந்து நின்றதுதான் கணக்கில் இல்லாதது.

“பாதாள சாக்கடைம்மா. நாலு நாள்ல மூடிடுவோம்” என்றான் ஓட்டுகிறவன்.

வெட்டிவிட்டுப் போனவன்தான், மாசம் ஒன்றாகியும் ஆளைக் காணோம். பள்ளத்தின் குறுக்கே ஒற்றைப் பலகை. கழைக்கூத்தாடியாக இருந்தால்தான் மாவு வாங்க வரலாம்.

ஜனம் முழுக்க எதிர்ப்பக்கமே நடந்தது. எதிர்ப்பக்கம் அப்துல் வதூது பாயின் மளிகைக்கடை.

புண்ணியத்துக்கு ஆரோக்கியராஜ் என்று ஓர் ஆள் தினமும் விடியற்காலையில் பலகை மேல் தத்தித் தத்தி வருவான். ஒரு குண்டான் நிறைய மாவு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

“எதுக்குப்பா இவ்ளோ?”

“மெஸ்ஸுக்குக்கா.”

அவன் ஒருத்தனை நம்பித்தான் கிரைண்டர் சுற்றியது. அதற்குள் பூக்காரி செல்லாயி வந்து ஒரு கொள்ளியைச் செருகினாள்.

“சேதி தெரியுமா? பாய் கடையில கவர் மாவு போட்டுருக்காரு. வெச்ச கொஞ்ச நேரத்துல காலி.”

மாலதிக்கு வயிறு பற்றி எரிந்தது. அரிசி, பருப்பு, அப்பளம் என்று விற்கிற மனுஷனுக்கு மாவு வேறு கேட்கிறதா? ஒருத்தி பிழைக்க வந்தால் பொறுக்காதே.

புருஷன் இளவரசுவை வேவு பார்க்க அனுப்பி ஒரு கவர் வாங்கிவரச் சொன்னாள். தோசை வார்த்துத் தட்டில் போட்டாள்.

“எப்படி இருக்கு?”

இளவரசுக்குப் பொய் சொல்லத் தெரியாது. குடும்பத்தில் பாதிச் சண்டை அதனால்தான்.

“கோச்சுக்காத மாலதி. நம்ம மாவெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. இன்னொண்ணு ஊத்து.”

இன்னொன்று ஊற்றவில்லை. அவன் தட்டிலிருந்தே ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தாள்.

“தூ. ஒரே புளிப்பு. உப்பும் ஜாஸ்தி. உளுந்தே போடாம சோடாவக் கொட்டிப் பொங்க வெச்சிருக்காங்க. இதப் போயி நல்லாருக்குன்னு சொல்ற நாக்கு ஒரு நாக்கா?”

சாயங்காலமே செல்லாயியைக் கூப்பிட்டாள்.

“உங்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாத. பாய் கடை மாவுல சோடாவாம். கீரப்பாளையத்துலேர்ந்து வந்திருந்த எங்க சித்தி மவனுக்கு அதத் தின்னுட்டு வயித்தால போயி, எந்திரிக்கவே முடியல.”

வெளியே விடாதே என்று செல்லாயியிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். அவள் பூ விற்று முடிப்பதற்குள் சித்தி மகனுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் பாய் கடை மாவைச் சீந்த நாதியில்லை. எடுத்த கவரைக்கூடத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாலதிக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அடுத்த நாள் காலை குண்டான் நிறைய ஆட்டி வைத்துக் காத்திருந்தாள். ஆரோக்கியராஜைக் காணோம். நன்றாக வெயில் ஏறிய பிறகு வெறுங்கையோடு வந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி, பாயும் பலகை மேல் வந்துகொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்துவிட்டது, சண்டைக்குத்தான் வருகிறார். மாலதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “மன்னிச்சிக்கம்மா. இனிமே ஆரோக்கியராஜ் மாவுக்கு வரமாட்டான்.”

“ஏன், மெஸ்ஸ மூடிட்டாங்களா?”

“மெஸ்ஸாவது ஒண்ணாவது. இவன் எனக்குச் சரக்கு எடுத்தாற ஆட்டோக்காரன். நான்தான் அனுப்பி வெச்சேன். கடை தொறந்த அன்னிக்கே பள்ளத்த வெட்டிட்டானுவ, பாவம் இந்தப் பொண்ணு யாருகிட்ட விக்கும்னு மனசு கேக்கல. உன் மாவத்தான் கவர்ல போட்டு, வாங்குன வெலைக்கே வித்துக்கிட்டிருந்தேன்.”

மாலதி இடுப்பில் செருகிய முந்தானையை மெல்ல உருவிவிட்டாள்.

“பள்ளத்த மூடுறதுக்குள்ள ஜனத்துக்கு ருசி பழகிடும், அப்புறம் உன் கடைய கைகாட்டி விட்டுடலாம்னு இருந்தேம்மா. நேரா கேட்டா, நீ ரோசக்காரி, வேணாம்னுடுவியேன்னு சொல்லல.”

“நான் அப்பவே சொன்னேன்ல, மாவு நல்லாருக்குன்னு” என்றான் உள்ளேயிருந்து இளவரசு. மாலதி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் கதவுக்குப் பின்னால் போய்விட்டான்.

“நல்லாத்தான் போச்சு. யாரோ சோடான்னு புரளி கெளப்பிட்டாங்க. நேத்துலேர்ந்து ஒரு கவர் நகரல. இனி இந்தத் தெருவுல அந்த மாவ யாரும் தொடமாட்டாங்க போலிருக்கு.”

பாய் பலகையில் ஒரு கால் வைத்தவர், திரும்பி நின்று ஆறுதலாகச் சொன்னார்.

“நீ கவலப்படாதம்மா. யாரு கெளப்புனதுன்னு விசாரிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டவங்கள நான் சும்மா விடமாட்டேன்.”