ரிட்டர்ன் சார்

நாலாவது தடவையாக மனுவைத் திருப்பிக் கொடுத்தார் குமாஸ்தா.

"போட்டோல ஒரு காது தெரியலம்மா. வேற எடுத்துட்டு வாங்க."

பஸ் டிரைவரான அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒவ்வொரு தடவையும் கூட வேலை செய்பவளிடம் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஓடி வருகிறாள். முதல் தடவை, கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம். அடுத்த தடவை, டிப்போ முத்திரை மங்கலாம். மூன்றாவது தடவை, மனுவை மடித்துக்கொண்டு வந்ததே தப்பாம்.

வீட்டு வசதி அலுவலகத்து வரிசையில் நிற்பவர்கள் அவருக்கு 'ரிட்டர்ன் சார்' என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் ஓட்டும் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் ஊரின் புதுக் குடியிருப்பு. பத்து மாடியில் நாலு கட்டடம். வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். திரை போட்டிருந்ததோ பதினோரு ஜன்னலில்தான். அந்த நிறுத்தத்தில் இறங்க ஆளே இருக்காது. காலி பஸ்ஸைக் கொண்டுபோய், காலி வீடுகளைச் சுற்றித் திருப்பிக்கொண்டு வருவாள். பக்கத்தில் அஞ்சாவது கட்டடத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகிற ஊர் அது. அந்தக் குடியிருப்பில் சொல்கிற விலைக்கு யார் வாங்குவது? ஒருநாள் ஆசைக்குப் போய் விசாரித்தாள். விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே என்ன தொழில் பண்றீங்க என்று கேட்டாள். பஸ் ஓட்டுகிறேன் என்றதும், நீட்டின வழவழப்பான புத்தகத்தை மெல்ல தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் நகராட்சியின் வாடகை வீட்டுக்கு மனுப் போட்டாள். அவளும், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் கணவனும், இரண்டு பெண்களும் நாத்தனார் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். பெரியவள் படிக்க உட்கார்ந்தால் சின்னவள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலே இருப்பதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

நாலாவது தடவையும் மனு திரும்பி வந்ததைக் கேட்டு, இந்த வீடு நமக்குக் கொடுத்துவைக்கவில்லை, விட்டுவிடு என்றான் கணவன்.

"அவர் திருப்பித் திருப்பி அனுப்பட்டுங்க. நான் திரும்பத் திரும்பப் போறேன். யார் முதல்ல அலுத்துப்போறாங்கன்னு பார்த்துடலாம்."

அன்றைக்கே இன்னொரு காரியமும் செய்தாள். குமாஸ்தா வேண்டுமென்றே ஏழைகளை அலைக்கழிக்கிறார் என்று இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி, அவருடைய மேலதிகாரி கையிலேயே கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து அஞ்சாவது தடவையாகப் போனாள். வீம்புக்கு அதே போட்டோவையே ஒட்டியிருந்தாள். இன்றைக்கு ஒரு முடிவு தெரியாமல் இடத்தை விட்டு நகர்வதில்லை என்று தீர்மானம்.

குமாஸ்தா மனுவை வாங்கினார். போட்டோவைப் பார்க்கவே இல்லை. பதிவு எண் போட்டார், முத்திரை குத்தினார், ரசீதைக் கிழித்து நீட்டினார்.

சண்டைக்கு வந்தவள் ரசீதை வாங்கிக்கொண்டாள். மேசை ஓரத்தில் அவளுடைய புகாரின் நகல் கிடந்தது. அதன்மேல், விளக்கம் கேட்டு அவருக்கு வந்த மெமோ. புகார் வேலை செய்துவிட்டது என்று புரிந்தபோது கோபம் இன்னும் ஏறியது.

"அதே போட்டோதான் சார். மெமோ வந்ததும் காது தெரிய ஆரம்பிச்சிடுச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னார்.

அவளுடைய சம்பளமும் கணவன் சம்பளமும் சேர்ந்தால் பழைய வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. அந்த மனுவைப் பதிவு செய்திருந்தால் அதே வாரம் நிராகரித்திருப்பார்கள். புதுக் குடியிருப்பில் இரண்டு வருடமாக விலை போகாத வீடுகளில் மூன்றில் ஒன்றை, உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்கு அவர்கள் சம்பளத்துக்கேற்ற வாடகைக்கு விட வேண்டும், வரம்பையும் உயர்த்த வேண்டும் என்று நகராட்சியில் ஆறு மாதமாகப் பேச்சு. கோப்பு அவர் மேசை வழியாகத்தான் போய் வந்தது. அறிவிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. உத்தரவு நேற்று மாலைதான் வந்தது.

அவள் ரசீதைப் பார்த்தாள். மனு வந்த தேதி என்ற இடத்தில், வரிசையில் அவள் இடம் போய்விடாதபடி, அவள் முதல் தடவை வந்த நாளைப் போட்டிருந்தார்.

"இதையே மெமோவுக்கு விளக்கமா எழுதியிருக்கலாமே சார்?"

"உத்தரவு வர்றதுக்கு முன்னாடி எழுதினா, ரகசியத்தை வெளியில விட்டதா ஆகும். அலட்சியமா இருந்துட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கவுண்டருக்குக் கீழேயிருந்து ஒரு பட்டியலை எடுத்து வைத்தார். அவளைப் போல நாற்பது பேர். பாதிப் பேர் அலுத்துப்போய் அப்புறம் வரவே இல்லையாம். இனி ஒவ்வொருத்தரையும் அவர்தான் தேடிப் போய் அழைத்து வர வேண்டும்.

"நிராகரிச்சுட்டா அஞ்சு வருஷம் இந்தப் பக்கமே வர முடியாதும்மா. திருப்பிக் கொடுத்தா மறுநாளே வரலாம். நான் எத்தனை தடவை திருப்பினாலும் நீங்க வருவீங்கன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அந்தத் தைரியத்துலதான் திருப்பினேன்."