நடு இருக்கை

ஓடும் வண்டியின் கதவு திறந்து தங்கை பூங்கொடி விழுந்து இறந்த நாளிலிருந்து, அப்பாவின் பிக்கப் வண்டி பதினோரு வருடம் கொட்டகையை விட்டு நகரவில்லை. துரு தின்றுகொண்டிருந்த அதைக் கோகிலாதான் சரிசெய்யத் தொடங்கினாள். "அதத் தொடாத" என்று முதல்நாள் சத்தம் போட்ட அப்பா, ஒரு வாரம் கழித்துத் தானே ஸ்பேனரை எடுத்தார். அந்தப் பக்கமே போகாத அம்மா, துரு தேய்க்க உப்புத்தாள் வாங்கி வந்து தந்தாள். புது இன்ஜின், புதுக் கதவுகள், கெட்டியான பூட்டுகள் என்று நான்கு மாதம் ஓடியது.

முதல் ஓட்டத்துக்கு அம்மாவும் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். நடுவில் ஏறப்போன கோகிலாவைத் தடுத்தாள்.

"நீ பின்னால ஏறிக்க கண்ணு. இங்க எடமில்ல."

அப்பா சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். கோகிலா பின்னால் ஏறி நின்று, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பால்பண்ணைத் திருப்பத்தில் வண்டி லேசாகச் சாய்ந்தபோது அப்பாவின் இடக்கையும் அம்மாவின் வலக்கையும் ஒரே நேரத்தில் நடுவில் நீண்டன. அவை இருக்கையைத் தொடவில்லை. ஒரு குழந்தையின் நெஞ்சு உயரத்தில், எதன் மீதோ அழுந்தி நின்றன. சாலை நேரான பிறகும் விலகவில்லை. கண்ணாடியைத் தட்ட உயர்த்திய விரல்களைக் கோகிலா மெல்ல மடக்கிக்கொண்டாள்.