ஒரே மருந்து

முதல் ஊசியை லாரி ஓட்டும் சீனிராஜின் ஈறில் போட்டாள் பல் டாக்டர்.

இரண்டாவதைத் தனக்குப் போட்டுக்கொண்டாள். பக்கத்து அறையில், கதவைச் சாத்திவிட்டு, வலது கட்டைவிரலின் அடியில்.

அதே மரத்துப்போகிற மருந்து.

வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள். இருபத்தாறு வருஷம் பல் பிடுங்கிய கை. இப்போது அழுத்திப் பிடித்தால் உயிர் போகிற வலி. குறடு ஆடுகிறது. பல் டாக்டருக்குக் கை நடுங்குகிறது என்று ஒரே ஒருத்தர் வெளியே போய்ச் சொன்னால் போதும். கோவில்பட்டி முழுக்கப் பரவிவிடும். அப்புறம் அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள்?

கழுத்து முன்னாலேயே போய்விட்டது. குனிந்து வாய்க்குள் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

அதற்கென்ன, விரல் இருக்கிறது. எந்தப் பல், எவ்வளவு ஆட்டம், எல்லாம் விரலே சொல்லிவிடும்.

வலி நின்றது.

கையில் மாட்டிய உறைக்குள் விரல்கள் அசையாமல் நின்றன. எத்தனை நாளைக்கு அப்புறம்! அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது, சந்தோஷத்தில்.

சீனிராஜ் கோணிய வாயோடு பேச்சுக் கொடுத்தார்.

"வலிச்சுச்சுன்னா உங்க கையக் கடிச்சிருவேன் டாக்டரம்மா. அப்புறம் என்னைய ஏசப்படாது."

"கடிங்க அண்ணாச்சி. எனக்கும் வலிக்காது."

நர்ஸ் தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள்.

சொத்தைப் பல்லில் குறடு வைத்தாள். அழுத்தினாள். இப்படியும் அப்படியும் அசைத்தாள்.

குறடு பக்கத்துப் பல்லுக்கு நழுவியது.

அவருக்குத் தெரியவில்லை.

அவளுக்கும் தெரியவில்லை.

பல் தட்டில் விழுந்தது. தங்கபுஷ்பத்தின் சிரிப்பு நின்றது.

வெள்ளை வெளேரென்று இருந்தது அது. ஒரு புள்ளி சொத்தை இல்லை. நல்ல நீளமான இரண்டு வேர். இன்னும் முப்பது வருஷம் முறுக்கு கடித்திருக்கும்.

பிடுங்க வேண்டிய பல் வாய்க்குள், இருந்த இடத்திலேயே, கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

உடனே திருப்பி வைத்துக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும். அவளுக்குத் தெரியாததா? இதே நாற்காலியில், சைக்கிளிலிருந்து விழுந்த எத்தனை பிள்ளைகளுக்கு வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

வைப்பதென்றால் நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது.

தங்கபுஷ்பம் ஒரு பஞ்சை எடுத்துத் தட்டில் இருந்ததை மூடினாள். யாரும் சொல்லாமலே.

"அண்ணாச்சி, பக்கத்துப் பல்லும் கெட்டுப்போயிருக்கு. அதையும் எடுத்துருவமா?" என்றாள் டாக்டர்.

சீனிராஜ் மரத்துப்போன உதட்டால் சிரிக்கப் பார்த்தார்.

"நல்லவேளை, பாத்துச் சொன்னீங்க. வேற ஆளுன்னா வுட்டுருப்பான்."

தொண்டை தெரிய, அகலமாகத் திறந்தார்.