அரசிதழில் இல்லாத பெயர்

ரங்பூரைச் சேர்ந்த ஷாகானா, அரசுக் கல்லூரி விரிவுரையாளராகத் தேர்வாகியிருந்தும், அரசிதழில் வந்த பணி நியமனப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வேலையில் சேர்க்குமுன் அவள் குடும்பத்தைப் பற்றிப் போலீஸ் விசாரித்து எழுதிய அறிக்கைதான் காரணமாம்.

"பக்கத்து வீட்டு மொக்லேஸ்தான் போட்டுக் கொடுத்திருக்கான்! ஒனக்கு வேல கெடச்சதுல அவனுக்கு வயித்தெரிச்சல்" என்று அப்பா வாசலுக்குப் பாய்ந்தார்.

ஷாகானா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவர் இல்லப்பா."

"அப்ப யாரு? டாக்கா வரைக்கும் போய் விசாரிச்சியே, சொல்லலையா?"

"சொல்ல மாட்டேன்னுட்டாங்கப்பா."

"எவனா இருந்தாலும் அவன் நாக்கு அழுகிப் போகட்டும்!"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்கப்பா" என்று அவள் அழுதாள்.

உண்மையில், டாக்காவில் அந்த அறிக்கையை அவளிடம் காட்டியிருந்தார்கள். 'சித்தப்பா எதிர்க்கட்சிப் பிரமுகர். விசாரிக்கப் போன அதிகாரிக்குத் தேநீர் கொடுத்து, தம் தம்பி மேடையில் பேசும் படத்தைப் பெருமையோடு காட்டியவர், விண்ணப்பதாரரின் தந்தை.'