சிங்கப்பூர் விமானம்

"அப்பாவைக் கிளப்பிடலாம்" என்றார் தேசிகன்.

வைஜயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி ராமபத்ரன் காலை விமானத்தில் கிளம்புவதாகச் சிங்கப்பூரிலிருந்து தந்தி அடித்திருக்கிறான். அப்பா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கத்தானே அப்படி ஓடி வருகிறான்?

"ஆயிரத்து எண்ணூறு மைல் அண்ணா. ஆனா ஆகாயத்துல நாலு மணி நேரம்தானாம். மத்தியானம் மீனம்பாக்கத்துல இறங்கிடுவான். அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

தேசிகன் வாசலைப் பார்த்தார்.

வாசலில் தெருவே நின்றது. திருவள்ளூரில் அந்தத் தெருவுக்கு ஒரு கட்டுப்பாடு. தெருவில் பிணம் கிடக்கும்வரை கோடியிலிருக்கும் பெருமாள் கோயில் கதவு திறக்காது, எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. அப்பா ராமஸ்வாமி ஐயங்கார் கண்ணை மூடியதோ நேற்று சாயங்காலம். பெருமாளும் பட்டினி, குழந்தைகளும் பட்டினி. அமாவாசைக்கு வந்த வெளியூர்க் கூட்டம் வேறு பூட்டிய கதவுக்கு முன்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

தர்மகர்த்தா துளசிராமன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சிங்கப்பூர்க்காரனுக்காகப் பெருமாளைக் காக்கவைக்க முடியாதாம். இன்னும் தாமதித்தால் தூக்க ஒரு தோள் கிடைக்காதாம்.

வைஜயந்தி அவரிடம் கெஞ்சினாள், அழுதாள். கூடப் பிறந்த அண்ணன் தேசிகனாவது தம்பிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்லையா? ம்ஹூம். மனுஷர் வாயே திறக்கவில்லை.

கோயில் மடப்பள்ளியில் கரண்டி பிடிக்கிறவருக்குக் கோட்டுப் போட்ட தம்பிமேல் வயிற்றெரிச்சல் என்று பெண்கள் காதைக் கடித்தார்கள். வைஜயந்திக்கும் அப்படித்தான் பட்டது.

சற்று நேரத்தில் அப்பா கிளம்பிவிட்டார். பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கமில்லை. அவள் வாசலிலேயே நின்றாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கோயில் மணி அடித்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு புகைந்தது.

விமானம் என்னவோ சொன்ன நேரத்துக்குத்தான் இறங்கியது. கடலையே தாண்டி வந்தவனை ஒரு ரயில்வே கேட் மறித்துக்கொண்டது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து முடிக்கும்வரை டாக்சியில் தவித்துவிட்டு, ராமபத்ரன் வீட்டுக்குள் ஓடிவந்தான்.

கூடம் கழுவி விட்டிருந்தது.

அப்படியே சுவரோடு சரிந்தான். "என் ஒருத்தனுக்காக அண்ணா அரை நாள் பொறுக்கலையா?"

"அவர் நமக்கு அண்ணாவே இல்லடா" என்றாள் வைஜயந்தி. "இனிமே அவர் முகத்துல முழிக்காதே."

அப்போது மயானத்தில் வேலை பார்க்கும் சின்னதுரை இரைக்க இரைக்க வாசலில் வந்து நின்றான்.

"சிங்கப்பூர் சாமி வந்துட்டாரா? சீக்கிரம் வாங்க சாமி. கூட வந்தவங்கல்லாம் இப்பதான் திட்டிட்டுப் பூட்டாங்க. உங்க அண்ணாரு மட்டும் நெருப்புச் சட்டிய வெச்சுக்கினு தனியா குந்திக்கினு கீறாரு. கொள்ளி வெக்க மாட்டேன்றாரு. இன்னா சாமின்னு கேட்டா, தெருவுல வெச்சிருந்தா ஊரே பட்டினி கிடக்கும், இங்க எங்கப்பா எவ்ளோ நேரம் படுத்திருந்தாலும் யாருக்கு இன்னா கஷ்டம், தம்பி வந்து மொகத்தப் பாக்கட்டும்னாரு."