கடைசிக் கட்டம்

"ஆட்டத்தோட கடைசிக் கட்டந்தான் கண்ணு எனக்குச் சரியா வரமாட்டேங்குது" என்றாள் கனகம்.

பீளமேட்டில் செஸ் வகுப்பு நடத்தும் நவ்யாவுக்கு, அம்மா வயதில் ஒருவர் கற்க வந்ததில் சந்தோஷம்.

"யாரோட விளையாடுறீங்க, ஆன்ட்டி?"

"எங்கூட்டுக்காரரோடதான். மில்லைப் பையன்கிட்ட ஒப்படைச்சுப்போட்டு ஊட்ல இருக்காரு. காபி குடிச்சதும் போர்டை விரிச்சுருவோம்."

ராஜாவும் யானையும் மட்டும் மிஞ்சியிருந்தால் எதிரி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி எப்படி மடக்குவது என்று நவ்யா காட்டினாள். கனகம் உடனே பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வாடிய முகத்தோடு வந்தாள்.

"நேத்து ஆட்டம் இன்னும் சீக்கிரமா முடிஞ்சுபோச்சு கண்ணு."

"தோத்துட்டீங்களா?"

"எங்க தோக்கறது? நீ சொன்ன மாதிரியே மடக்கி ஜெயிச்சுப்போட்டேன். தினமும் நாந்தான் ஜெயிக்கறேன்."

நவ்யா குழம்பினாள். "அப்புறம் எதுக்கு ஆன்ட்டி கிளாஸுக்கு வந்தீங்க?"

"ஆட்டத்தை முடிக்காம சாயங்காலம் வரைக்கும் இழுக்கறதுக்கு. தோத்த கோபத்துல அவரு காரை எடுத்துட்டு நேரா மில்லுக்குப் போயிடறாரு. அங்க எல்லாத்தையும் திட்டறாரு. ரெண்டு சூப்பர்வைசருங்க வேலையே வேண்டாங்கறாங்க. பையன் அழுவாத குறைதான்."

"அப்ப நீங்களே தோத்துடலாமே?"

"அதையும் ஒருநாள் செஞ்சு பாத்துட்டேன்" என்றாள் கனகம். "ஜெயிச்ச சந்தோஷத்துல மில்லுக்குப் போயி, மெஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லி, அத்தனை பேருக்கும் ஒவ்வொரு காயா நகத்திக் காட்டிப்போட்டு வந்தாரு."