வியாழக்கிழமைத் தொல்லைகள்

"திரும்பச் சொல்லும்மா! ஒரு எழவும் விளங்கலை!"

தூரத்து விமானத்திலிருந்து மெர்வ் ரேடியோவில் போட்ட சத்தத்தில் நெரிடாவுக்குக் காது மடல் சுட்டது. கீழே யாரம்புல்லா விமானத் திடல், செம்மண்ணில் கோடு கிழித்த மாதிரி கிடந்தது. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் வாரிக், மேயும் ஆடுகளை எண்ணுகிறவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

"யாரம்புல்லா வட்டாரத்துல பறக்கிறவங்க கவனிக்க. வெள்ளை செஸ்னா விமானம், இடப்பக்கம் திரும்பி இறங்க வருது. யாரம்புல்லா."

ஊர்ப் பெயர் முதலிலும் வரவேண்டும், கடைசியிலும் வரவேண்டும். அதுதான் முறை.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்!"

"அதைத் தெளிவாச் சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?"

பதினாலு மாதத்துக்கு முன்பு விமானி உரிமம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்போதுதான் காளை மாடு அளவுக்கு ஒரு கங்காரு அவள் கார் மேல் பாய்ந்தது. கங்காரு எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. நெரிடாவுக்குத் தோள் மூன்று இடத்தில் முறிந்தது.

தோள் கூடி, மறுபடி விமானம் ஏறினால், கை எதையும் மறக்கவில்லை. நாக்குதான் மறந்துபோயிருந்தது. முதல் நாள் வலது என்று சொல்லிவிட்டு இடதில் திரும்பினாள். இரண்டாம் நாள் பொத்தானையே அழுத்தாமல் முழுச் சேதியையும் வாரிக்குக்கு மட்டும் சொல்லி முடித்தாள்.

அது போதாதென்று இந்தத் தொல்லை. யாரம்புல்லா வானத்தில் வாரத்தில் ஆறு நாளும் ஈ, காக்கை இருக்காது. ஓடுபாதையில் பல்லி படுத்துத் தூங்கினால் எழுப்ப ஆள் கிடையாது. வியாழக்கிழமை, அதுவும் நெரிடா பறக்கும் அந்த ஒரு மணி நேரம், கிழக்கேயிருந்து ஆட்டுப்பண்ணைக்காரர் மெர்வ் வந்துவிடுவார், அதட்டிக்கொண்டே. மஞ்சள் விமானத்தில் பெரில் கிழவி வந்துவிடுவாள், சரியாக இவள் மூக்குக்கு முன்னால். அந்த விமானம் போகிற வேகத்துக்கு மாட்டுவண்டியே தேவலை.

"பெரில், கொஞ்சம் சீக்கிரம் இறங்க முடியுமா?"

"என்ன கண்ணு அவசரம்? எனக்கு எழுபத்தெட்டு. என் வண்டிக்கு என்னைவிட ரெண்டு கூட."

தரை தொட்டதும் நெரிடா வெடித்தாள். "இவங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா, வாரிக்?"

"வியாழக்கிழமைதான் பேக்கரியில ஆட்டுக்கறி அடைச்ச ரொட்டி சூடாப் போடறாங்களாம்."

"ஒரு ரொட்டி திங்க நூத்தம்பது கிலோமீட்டரா?"

"பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்வாங்க. இவங்களும் பறக்கறாங்க."

"சிரிக்காதீங்க. அடுத்த வாரம் நான் தனியாப் போகணும். இவங்க மேல இருந்தா எனக்கு வாய் குழறும். குழறிச்சுன்னா அத்தோட சரி, பறக்கிற ஆசையை மூட்டை கட்டிடுவேன். நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வானம் என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று வாரிக் டீயை ஊதினார்.

மெர்வின் முகத்தில்கூட முழிக்கப் பிடிக்காமல் அவள் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். ஆறு வாரமாக அப்படித்தான்.

அடுத்த வியாழன். பக்கத்து இருக்கை காலி. மெர்வும் ஆஜர், பெரிலும் ஆஜர்.

"திரும்பச் சொல்லு!"

சொன்னாள். ஒரே தடவை, நிறுத்தி, நிதானமாக. மெர்வ் மறுபடி கேட்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

அப்போது ரேடியோவில் புதுக் குரல் ஒன்று. மருத்துவ விமானம்.

"நோயாளிக்கு நெஞ்சுவலி. வடக்கேயிருந்து நேரா இறங்கணும். யார் யார் எங்க இருக்கீங்க?"

மற்ற இருவரும் வாயைத் திறக்குமுன் நெரிடா பொத்தானை அழுத்திவிட்டாள். "யாரம்புல்லா. மஞ்சள் விமானம் இறங்கி ஓடுபாதையை விட்டு விலகிடுச்சு. கிழக்கே பத்து கிலோமீட்டர்ல ஒருத்தர், ரெண்டாயிரம் அடி. நான் மேற்கே ஒதுங்கி வட்டம் போடறேன். பாதை உங்களுக்கு. யாரம்புல்லா."

"தண்ணி மாதிரி தெளிவு. நன்றிம்மா."

மருத்துவ விமானம் இறங்கியது. பிறகு நெரிடாவும் இறங்கினாள், பூ விழுந்த மாதிரி.

வாரிக் அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். "இனிமே நீ தனியாவே சுத்தலாம்."

நெரிடாவுக்கு வாயெல்லாம் பல். "இன்னிக்கு மெர்வை நேர்ல பார்த்து நாலு வார்த்தை கேக்காம போறதில்லை!"

"கேளு. அதுக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை காலையில உனக்கு வேற வேலை இருக்கா?"

"இல்லை. ஏன்?"

"என்கிட்ட படிச்ச டெஸ்மண்ட் திரும்ப வர்றான். கண் ஆபரேஷன் ஆகி எட்டு மாசமாப் பறக்கலை. நீயும் மேல ஏறிச் சுத்து. அவன் என்ன சொன்னாலும் விளங்கலைன்னு சொல்லு, திரும்பத் திரும்பக் கேளு. ஆளில்லாத வானத்துல பேசிப் பேசி யாருக்கும்மா வாய் திருந்தியிருக்கு?"

நெரிடா மஞ்சள் விமானத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெட்ரோல் செலவு உன்னோடது. இங்க அதான் வழக்கம்" என்றார் வாரிக், புத்தகத்தை அவள் கையில் கொடுத்தபடி. "அதட்டறது எப்படின்னு மட்டும் மெர்வ்கிட்ட கேட்டுக்க. பாவம், ஈக்குக்கூட வலிக்காமப் பேசற மனுஷன். உன்னைத் திட்டணும்னு நான் சொன்னதும், ரெண்டு நாள் பட்டியில நின்னு ஆடுங்ககிட்ட கத்திப் பழகிட்டுதான் வந்தாரு."